சத்தியம் செய்தால் நஷ்டம் யாருக்கு?



கிறிஸ்துமஸ் விடுமுறையில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆராதனை முடிந்து, விருந்து முடிந்து, பெரியவர்கள் சற்றுக் கண்ணயர்ந்ததும், பிள்ளைகள் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்கள் மூன்றையும் மூன்று நாளில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். சிலர் அதோடு நிற்காமல் புத்தகங்களையும் எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்த ஒரு தம்பி, இந்த ஜனவரியில் நடந்த முதல் வாலிபர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டான். அவனுக்கு வயது 14.

"ஃபேயனோருடைய பிள்ளைகள் செய்த சத்தியத்தைக் காப்பாற்றினார்கள். அதனாலேயே கெட்டுப்போனார்கள். சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றுதானே வேதம் சொல்கிறது? அப்படியானால் அவர்கள் செய்தது சரியா, தப்பா?"

கூட்டத்தை நடத்திய எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் யோசித்து, வேதத்தைத் திறந்து வைத்துப் பேசி, எங்களுக்குள் சற்று வாக்குவாதமும் பண்ணிய பிறகு எழுதுவதுதான் இது.

மந்திரவாதியும் மாய மோதிரமும் வருகிற கதை நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று சில பெற்றோர் கேட்பார்கள். அந்தக் கவலையை நாங்கள் மதிக்கிறோம். எழுதியவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன், ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர், கடைசிவரை ஆலயத்துக்குப் போன கத்தோலிக்க விசுவாசி. ஆனாலும் அவருக்காக வாதாட நாங்கள் வரவில்லை. பிள்ளை கேட்டுவிட்டான், அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். அது கதையைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் கதை. டோல்கீன் 1973-ல் இறந்தார். அவர் விட்டுப்போன பழைய காலக் கதைகளை அவருடைய மகன் தொகுத்து 1977-ல் 'சில்மரில்லியன்' என்ற பெயரில் வெளியிட்டார். அதில் ஃபேயனோர் என்ற எல்ஃப் கைவினைஞன் ஒளி நிறைந்த மூன்று மணிக்கற்களைச் செய்கிறான். மோர்கோத் என்ற கொடியவன் ஃபேயனோருடைய தகப்பனைக் கொன்று, கற்களையும் களவாடிப் போகிறான். துக்கமும் கோபமும் பொங்க, தீப்பந்த வெளிச்சத்தில், கூடிநின்ற ஜனங்கள் முன்னால் ஃபேயனோர் சத்தியம் செய்கிறான்: அந்தக் கற்களை யார் வைத்திருந்தாலும், நல்லவனோ கெட்டவனோ, விடாமல் துரத்துவோம், தவறினால் நித்திய இருள் எங்கள்மேல் வரட்டும். இதற்குச் சாட்சியாக எல்லாவற்றையும் படைத்தவருடைய பெயரையே சொல்லிவிடுகிறான். அவனுடைய ஏழு பிள்ளைகளும் துள்ளி எழுந்து பக்கத்தில் வந்து நின்று அதே சத்தியத்தைச் செய்கிறார்கள்.

அதன்பின் அந்தச் சத்தியம் அவர்களை ஓட்டுகிறது. மோர்கோத்தைத் தேடிப் புறப்பட்டவர்களின் வாள், மூன்று தடவை, தங்கள் சொந்த இனத்தாரின்மேலேயே பாய்கிறது. ஒரு தடவை, அவர்கள் தாக்கிய ராஜ்யத்தின் இரண்டு சிறு பையன்களை, இரட்டைப் பிள்ளைகளை, வேலைக்காரர்கள் காட்டில் பட்டினியாய் விட்டுவிடுகிறார்கள். மூத்தவன் மெய்த்ரோஸ் மனம் நொந்து காடெல்லாம் தேடுகிறான். கிடைக்கவில்லை. வருத்தப்பட்டான், ஆனாலும் சத்தியத்தை விடவில்லை.

கடைசியில் மெய்த்ரோஸும் மாக்லோரும் மட்டும் மிஞ்சுகிறார்கள். மோர்கோத் தோற்றுவிட்டான்; இரண்டு கற்கள் வென்றவர்களின் பாளயத்தில் இருக்கின்றன. அண்ணனும் தம்பியும் பேசுகிறார்கள். மாக்லோருக்கு அலுத்துவிட்டது. திரும்பிப் போவோம், தீர்ப்புக்குத் தலைகுனிவோம் என்கிறான். படைத்தவர் பெயரைச் சொல்லிவிட்டோமே, அவரிடம் போய் விடுதலை கேட்க யாரால் முடியும் என்கிறான் மெய்த்ரோஸ். காப்பாற்றினாலும் உடைத்தாலும் நமக்கு இருள்தான் என்றால், உடைப்பதில் மற்றவர்களுக்காவது தீங்கு குறையும் என்பது மாக்லோரின் வாதம். அவன் சொன்னது சரி. ஆனால் அவன் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறான். கற்களைத் திருடுகிறார்கள். கற்கள் அவர்கள் கையைச் சுடுகின்றன. அவற்றின்மேல் அவர்களுக்கு இருந்த உரிமை எப்போதோ போய்விட்டது. மெய்த்ரோஸ் நெருப்புப் பிளவில் விழுந்து மடிகிறான். மாக்லோர் கல்லைக் கடலில் எறிந்துவிட்டுக் கரையோரமாய் அழுது பாடித் திரிகிறான்.

இப்போது வேதத்துக்கு வருவோம்.

நியாயாதிபதிகள் 11-ல் யெப்தா. வெற்றியோடு திரும்பினால், தன் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிர்கொண்டு வருவதைக் கர்த்தருக்குக் கொடுப்பதாகப் பொருத்தனை பண்ணுகிறான். வந்தது அவனுடைய ஒரே மகள். அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை வேத அறிஞர்கள் இரண்டு விதமாய் விளக்குகிறார்கள். எப்படிப் பார்த்தாலும், வாய் திறந்தவன் தகப்பன், விலை கொடுத்தவள் மகள்.

மாற்கு 6-ல் ஏரோது. விருந்தில் நடனமாடிய பெண்ணுக்கு, பாதி ராஜ்யமானாலும் தருகிறேன் என்று ஆணையிட்டான். அவள் யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்டாள். அவனுக்கு மனமில்லை. ஆனால் ஆணையிட்டாயிற்று, கூட உட்கார்ந்திருந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால், "நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன், இனி எப்படி மாற்றுவது?" அந்த நாலு பேருக்காக ஒரு தீர்க்கதரிசியின் தலை போயிற்று. ஏரோதைப் போலத்தான் ஃபேயனோரும் கூட்டத்தின் முன்னால் வாய்விட்டான் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவதாக 1 சாமுவேல் 25. தாவீது நாபாலின்மேல் கோபங்கொண்டு, விடிவதற்குள் அவன் வீட்டில் ஓர் ஆண்மகனையும் விட்டுவைப்பதில்லை என்று ஆணையிட்டு, நானூறு பேரோடு புறப்படுகிறான். அபிகாயில் அப்பமும் திராட்சரசமும் சமைத்த ஆடுகளும் ஏற்றிக்கொண்டு வந்து, வழியில் அவன் காலில் விழுகிறாள். தாவீது திரும்பிவிடுகிறான். ஆணையை உடைத்துவிட்டோமே என்று அவன் கலங்கவில்லை. இரத்தம் சிந்தாதபடி உன்னை அனுப்பித் தடுத்தாரே என்று கர்த்தரைத் துதிக்கிறான், அவளையும் வாழ்த்துகிறான். மெய்த்ரோஸுக்கு ஓர் அபிகாயில் தேவைப்பட்டாள். மாக்லோர் அப்படித்தான் பேசத் தொடங்கினான், முடிக்கவில்லை.

அப்படியானால், ஆணையிட்டால் மாற்றக்கூடாது என்று வேதம் சொல்வது எதைப் பற்றி? 15-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் யார் என்பதற்கு அங்கே சொல்லப்படும் அடையாளங்களில் ஒன்று, ஆணையிட்டபின் நஷ்டம் வந்தாலும் மாறாமலிருப்பது. நஷ்டம் யாருக்கு என்பதை அந்த வசனம் தெளிவாய்ச் சொல்கிறது. ஆணையிட்டவனுக்கு. அடுத்தவனுக்கு அல்ல.

நாங்கள் கண்டுகொண்டது இதுதான். கொடுத்த வாக்கால் எனக்குக் கஷ்டம் வந்தால், அதைச் சுமப்பதுதான் மானம். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நான் இன்னொருவரைப் பலி கொடுக்கவேண்டி வந்தால், அங்கே காப்பாற்றப்படுவது என் பெயர் மட்டுமே.

டோல்கீன் இதைக் கற்பனையிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. கி.பி. 991-ல், நம் லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸில் உள்ள மால்டன் அருகே ஒரு போர் நடந்தது. பிரித்நோத் என்ற ஆங்கிலேயத் தலைவன், ஒடுங்கிய பாதையில் வைக்கிங் படையைத் தடுத்து நிறுத்தக்கூடிய இடத்தில் இருந்தும், அவர்களைத் தாராளமாய்க் கரையேற விட்டான். அவன் விழுந்தான். அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்த வீரர்கள் ஓடிப்போகாமல் அவன் பக்கத்திலேயே நின்று மாண்டார்கள். அதைப் பற்றி ஒரு பழைய ஆங்கிலப் பாடல் உண்டு. டோல்கீன் 1953-ல் அதைக் குறித்து எழுதியபோது, அந்த வீரர்களுடைய விசுவாசத்தை மெச்சினார். தலைவனுடைய பெருமையைக் கண்டித்தார். அவன் தன் புகழுக்காகச் செலவழித்தது மற்றவர்களுடைய உயிரை. டோல்கீன் 1916-ல் சோம் போர்க்களத்தில் இருந்தவர். நெருங்கிய நண்பர்களை அந்த யுத்தத்தில் இழந்தவர்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா உடனே அதைச் சுட்டிக்காட்டினார்: "இப்படிச் சொன்னால் எல்லாரும் தப்பித்துக்கொள்வார்களே. எனக்குப் பிடிக்காத வாக்கையெல்லாம், இதனால் யாருக்கோ தீங்கு என்று சொல்லி உடைத்துவிடலாமே?"

நியாயமான கேள்வி. அதற்கு வேதத்திலிருந்து ஒன்று, கதையிலிருந்து ஒன்று சொல்கிறோம்.

யோசுவா 9-ல் கிபியோனியர் பழைய துணியும் பூசணம் பிடித்த அப்பமும் காட்டி, தூரதேசத்தார் போல நடித்து, இஸ்ரவேலிடம் உயிர்ப்பிச்சை வாங்கிக்கொண்டார்கள். ஏமாற்றி வாங்கிய சத்தியம். வேறு எவராயிருந்தாலும் செல்லாது என்று தூக்கி எறிந்திருப்பார்கள். ஆனால் இஸ்ரவேலின் பிரபுக்கள் அதைக் காப்பாற்றினார்கள். ஜனங்கள் முறுமுறுத்தபோது அந்த அவமானத்தையும் சகித்தார்கள். பிற்பாடு சவுல் அதை மீறி அவர்களைக் கொன்றதினால் தாவீதின் நாட்களில் தேசத்தில் பஞ்சம் வந்தது என்று 2 சாமுவேல் 21 சொல்கிறது. நஷ்டம் யாருக்கு என்று அங்கேயும் கேட்டுப்பாருங்கள். காப்பாற்றினால் இஸ்ரவேலுக்கு நஷ்டம், உடைத்தால் கிபியோனியருக்குச் சாவு. ஆகவே காப்பாற்ற வேண்டும். இந்தக் கேள்வி நம்மைத் தப்பவிடுகிற கேள்வி அல்ல. பல நேரங்களில் அது நம்மைக் கட்டிப்போடும்.

கதையில் பெரகொண்ட் என்ற ஒரு சாதாரண காவல்காரன் வருகிறான். படங்களில் அவன் இல்லை. புத்தகம் வாசித்தவர்களுக்குத் தெரியும். மினாஸ் திரித் நகரத்தின் கோட்டைக் காவலில் நிற்பவன். அனுமதியில்லாமல் காவலை விட்டுப் போனால் மரண தண்டனை. நகரத்தை ஆளும் டெனத்தோர் நம்பிக்கையெல்லாம் இழந்து, காய்ச்சலில் கிடக்கிற தன் மகன் ஃபாரமிரையும் தன்னோடு சேர்த்து உயிரோடு எரிக்க விறகு அடுக்கச் சொல்கிறான். செய்தி பெரகொண்டுக்கு வருகிறது. நின்றால் ஆணை காப்பாற்றப்படும், ஃபாரமிர் சாம்பலாவான். அவன் காவலை விட்டு ஓடுகிறான். வாள் உருவக்கூடாத இடத்தில் உருவுகிறான். எஜமான் சொல்லைக் கேட்டு வந்த வேலைக்காரர் சிலர் அவன் வாளால் மடிகிறார்கள். ஃபாரமிர் பிழைக்கிறான்.

யுத்தம் முடிந்து புதிய ராஜா அரகோர்ன் அவனை விசாரிக்கிறான். நீ நல்லது செய்தாய், போ என்று ராஜா தட்டிக்கொடுத்து அனுப்பவில்லை. குற்றத்தைக் குற்றம் என்றே சொல்கிறான். மரண தண்டனையை மன்னிக்கிறான். ஆனால் கோட்டைக் காவலிலிருந்து நீக்கி, நகரத்தைவிட்டும் போகச் சொல்கிறான். பெரகொண்டின் முகம் வெளுத்துப்போகிறது. அதன்பின்தான் மீதித் தீர்ப்பு வருகிறது: அவன் காப்பாற்றிய ஃபாரமிருக்கே காவல்படைத் தலைவனாய் அவன் போகவேண்டும்.

நீதியும் இரக்கமும் ஒரே தீர்ப்பில் சந்திப்பது நமக்குப் புதிது அல்ல. சிலுவையடியில் நிற்கிறவர்களுக்கு அது தெரியும். ஆனால் நாங்கள் காட்ட விரும்புவது வேறொன்று. பெரகொண்ட் ஓடியபோது, தனக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தே ஓடினான். பிற்பாடு சாக்குச் சொல்லவில்லை. வாக்கை உடைக்கிறவன் மனச்சாட்சியினால் உடைக்கிறானா, சோம்பலினால் உடைக்கிறானா என்று பார்க்க வேண்டுமானால், விலையை யார் தலையில் வைக்கிறான் என்று பார்த்தால் போதும். ஞாயிறு பள்ளிக்கு வகுப்பு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை இரவு "வர முடியவில்லை" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, அதில் விலை கொடுப்பது நாம் அல்ல. காலையில் ஓடிவருகிற இன்னொரு ஆசிரியை.

சத்தியம் செய்வதற்கு முன்பே ஒரு காரியம் இருக்கிறது. மோதிரத்தை அழிக்கப் புறப்படுகிற ஒன்பது பேரை வழியனுப்பும்போது, மூத்தவரான எல்ரொண்ட், மோதிரத்தைச் சுமக்கிறவன் தவிர வேறு யார்மேலும் எந்தக் கட்டையும் வைப்பதில்லை. விரும்பின தூரம் போகலாம், திரும்பவும் செய்யலாம். கிம்லிக்கு இது பிடிக்கவில்லை. உறுதிமொழி இருந்தால் தடுமாறும் மனதுக்கு ஊன்றுகோலாயிருக்குமே என்று வாதாடுகிறான். எல்ரொண்ட் இணங்குவதில்லை. ஏன்? உறுதிமொழி அந்த மனதை உடைக்கவும் கூடும், வழியில் என்ன எதிர்ப்படும் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது என்கிறார். 'சில்மரில்லியன்' வாசித்தவர்களுக்கு இன்னும் ஒன்று நினைவுக்கு வரும். ஃபேயனோரின் பிள்ளைகள் கடைசியாய்த் தாக்கிய ஊரில் பிடிபட்ட இரண்டு சிறுவர்களில் ஒருவன்தான் இந்த எல்ரொண்ட். மாக்லோர் இரக்கப்பட்டு அவனை அன்பாய் வளர்த்தான். நல்ல மனதுள்ள ஒரு மனிதனைச் சத்தியம் என்ன செய்யும் என்பதைச் சிறுவயதிலேயே பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர்.

சத்தியம் இல்லாமல்தான் சாம் நெருப்பு மலைவரை போனான்.

மத்தேயு 5-ல் நம் ஆண்டவர் சத்தியமே பண்ணவேண்டாம், உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொன்னால் போதும் என்ற கருத்தில் போதித்தார். யாக்கோபும் அதையே சொல்கிறார். ஆனால் நம் வாலிபர் முகாம்களின் கடைசி இரவில் என்ன செய்கிறோம்? நெருப்பு மூட்டி, பாட்டுப் பாடி, எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது தீர்மான அட்டையைக் கையில் கொடுக்கிறோம். தினமும் ஒரு மணி நேரம் ஜெபிப்பேன், இனி ஒருபோதும் இன்னதைச் செய்யமாட்டேன் என்று 15 வயதுப் பிள்ளை கையெழுத்துப் போடுகிறது. பக்கத்திலிருப்பவன் எழுந்ததால் எழுந்தவர்கள் எத்தனை பேர்? ஃபேயனோரின் பிள்ளைகளும் அப்படித்தான் எழுந்தார்கள். மூன்று வாரத்தில் அட்டை தவறிப்போகிறது. அதன்பின் கர்த்தரிடம் பொய் சொல்லிவிட்டேன் என்ற வெட்கத்தில் ஜெபிக்கவே கூசுகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். எங்கள் கருத்து இது: அடுத்த முகாமில் அந்த அட்டை வேண்டாம். மனந்திரும்புங்கள் என்று அழைப்போம். வாக்குறுதி வாங்கவேண்டாம். மறுநாள் காலையில் ஒரு சின்னக் கீழ்ப்படிதலோடு தொடங்கட்டும்.

இனி, இது கதையைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல என்று சொன்னோமே, அது.

எங்களோடு வளர்ந்த ஓர் அண்ணன் இருக்கிறார். குறைமாதத்தில் பிறந்தவர். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அவரைப் பார்த்து அவருடைய தாயார், இவன் பிழைத்தால் முழுநேர ஊழியத்துக்கு இவனைத் தருகிறேன் என்று பொருத்தனை பண்ணினார்கள். ஊரைவிட்டு வந்து, பாஷை தெரியாத நாட்டில், தனியாக நின்ற ஒரு தாய். அந்த ஜெபத்தைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் பிள்ளை வளர்ந்து பொறியியல் படிக்க விரும்பினபோது, பரீட்சையில் தவறினாலும் வேலை கிடைக்கத் தாமதித்தாலும், "பொருத்தனையைச் செலுத்தவில்லை, அதனால்தான்" என்ற வார்த்தை வீட்டில் வந்தது. கொஞ்சங்கொஞ்சமாய் அவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினார். தாய் செய்த சத்தியம், மகனைக் கர்த்தரிடமிருந்தே துரத்திக்கொண்டிருந்தது.

வயதான ஒரு போதகர் இருவரையும் உட்காரவைத்து லேவியராகமம் 27-ஐத் திறந்தார். ஒருவரை ஒருவர் கர்த்தருக்குப் பொருத்தனை பண்ணினால், சேக்கல் கணக்கில் மதிப்புச் செலுத்தி அவரை விடுவிக்க நியாயப்பிரமாணமே வழி வைத்திருக்கிறது. செலுத்த இயலாத ஏழைக்கு, அவனால் முடிந்த அளவுக்கு ஆசாரியன் மதிப்பைக் குறைப்பான். அன்னாள் சாமுவேலைக் கொண்டுவந்து விட்டாள், உண்மை. ஆனால் அந்தப் பிள்ளையைக் கர்த்தர் தாமே இரவில் பேர்சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளையே தன் வாயால் பதில் சொன்னான். தாயின் பொருத்தனை அவனை வாசல்வரை கொண்டுவந்தது. உள்ளே அழைத்தவர் கர்த்தர்.

அந்தத் தாயார் அழுதார்கள். பிறகு, "நான் செய்த பொருத்தனை. நானே செலுத்துகிறேன்" என்றார்கள். இப்போது சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் துணையில்லாமல் கிடக்கிற முதியவர்களோடு போய் உட்கார்ந்து ஜெபிக்கிறார்கள். அண்ணன் ஊழியராகவில்லை. ஆனால் மறுபடியும் ஆலயத்துக்கு வருகிறார், கடைசி வரிசையில்.

பெற்றோரே, பிள்ளைகளின் பேரில் வாக்குக் கொடுக்காதீர்கள். கர்த்தருக்கும் வேண்டாம், ஊரிலுள்ள சொந்தக்காரருக்கும் வேண்டாம். கொடுத்தாயிற்று என்றால், அதன் விலையை நீங்களே சுமக்க வழி தேடுங்கள்.

வாலிபரே, நீங்கள் கொடுத்த வாக்கு உங்களுக்கு மட்டுமே கஷ்டம் தருகிறதென்றால், பல்லைக் கடித்துக்கொண்டு செலுத்துங்கள். அது இன்னொருவரை நசுக்குகிறதென்றால், தாவீதைப்போல வழியிலேயே திரும்புங்கள். திரும்பும்போது ஒளிந்து திரும்பாதீர்கள். கர்த்தரிடம் அறிக்கையிடுங்கள், சம்பந்தப்பட்டவரிடம் முகத்துக்கு முகம் சொல்லுங்கள், வருகிற இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

தம்பி, உன் கேள்விக்குப் பதில் இது: அவர்கள் சத்தியம் செய்ததும் தப்பு, காப்பாற்றினதும் தப்பு. விடுதலை கேட்க அவரிடம் யாரால் போகமுடியும் என்று மெய்த்ரோஸ் கேட்டான் அல்லவா? அவனுக்குப் போக வழி தெரியவில்லை. நமக்காக அவரிடத்தில் பரிந்து பேசுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போகலாம்.